குழு முழுத் திருப்தி

ஜூலை 14, திங்கள்
விடாத மழை. பல்கலைக்கழகக் கடிதம்: மலையோரக் கல்லூரி ஒன்றின் இதழியல் பட்டப்படிப்பை மதிப்பிடும் குழுவில் நானும். பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றதால் ‘துறை நிபுணர்’. ஆளுக்கொரு அறிக்கை, அங்கீகாரம் அதைப் பொறுத்து.

மகள் லில்லி வேலை பார்க்கும் பள்ளியும் அதே நிர்வாகம். அவளுடைய நிரந்தர ஆணை கையெழுத்துக்குக் காத்திருக்கிறது. விலகிவிடலாம். விலகினால் ஏன் என்று கேட்பார்கள்.

மனைவி: “போயிட்டு நல்லா இருக்குன்னு சொல்லிட்டு வாங்க. வாயத் தொறக்கண்டாம்.” இரண்டையும் சேர்த்துச் செய்யும் வழி சொல்லவில்லை.

ஜூலை 16, புதன்
காட்டாக்கடை வழி பஸ். கல்லூரி வரை வளைவுகள்.

ஸ்டுடியோ. கேமரா உண்டு, பிளாஸ்டிக் உறையோடு. “தூசி படாம இருக்கதுக்காக்கும்” என்றார் துறைத் தலைவர்; நிர்வாகக் குழுவிலும் இருப்பவர். நூலகத்தில் நாளிதழ்கள், கட்டுப் பிரிக்காமல். வகுப்பில் பத்திரிகைச் சுதந்திரம் பற்றிய பாடம். கேள்விக்கு நேரமில்லை.

மதியம் மரச்சீனி, மீன்கறி. குறையில்லை. சாப்பிடும்போதே மாணவர் பத்திரிகை தந்தார்கள். தலைப்பு: ‘மதிப்பீட்டுக் குழு முழுத் திருப்தி’. என் பாராட்டுரை மேற்கோளில். நல்ல நடை. நான் அதுவரை பேசவே இல்லை. எழுதியவர்: அஜிதா, இறுதியாண்டு.

“நேத்தே அச்சடிச்சாச்சு சார்” என்றார் தலைவர். பிறகு மெதுவாக, “லில்லி டீச்சருக்கு சுகம்தானே?”

பத்திரிகையை மடித்துப் பையில் வைத்தேன்.

படிக்கட்டில் ஒரு பெண், கையில் நோட்டு. அஜிதா.

“நான் எழுதல்ல சார். எனக்க பேரப் போட்டாச்சு. மறுப்பு போடணும்னு கேட்டேன். இன்டர்னல் மார்க் தரமாட்டோம், பரீட்சை எழுத ஒக்காதுன்னு மிரட்டுறாவ. நீங்க திருப்தின்னு சொன்னியளா, இல்லியா? அது மட்டும் சொன்னா மதி, வேற ஒண்ணும் வேண்டாம்.”

அன்று அங்கே நான் பார்த்த ஒரே இதழியல்.

“பஸ்ஸுக்கு நேரமாச்சு மக்கா” என்றேன். அதையும் எழுதிக்கொண்டாள்.

ஜூலை 17, வியாழன்
மழை. லில்லி போனில்: “ஆர்டர் ரெடியாம்ப்பா. உங்க ரிப்போர்ட் வந்த பொறவு கையெழுத்துன்னு கிளார்க் சிரிக்காரு. அதுக்கும் இதுக்கும் என்ன?” மழைச் சத்தத்தில் கேட்கவில்லை என்றேன். கேட்டது.

அறிக்கை. உள்கட்டமைப்பு: நன்று (உறை உட்பட). பயிற்சி: காலியாக விட்டிருக்கிறேன்.

வாசலில் வண்டி நின்றது. அறிக்கையை மூடி வைத்தேன். மீன்காரர்.

ஜூலை 18, வெள்ளி
வெயில். தலைவர் போனில் ஒரு படம் அனுப்பியிருந்தார். கல்லூரிச் சுவரில் அஜிதா ஒட்டிய தாள், அவள் கையெழுத்தில்: ‘திருப்தியா என்று கேட்டதற்கு நிபுணர், “பஸ்ஸுக்கு நேரமாச்சு மக்கா” என்றார்.’

கீழே தலைவர்: ‘இப்படிச் சொல்லவில்லை என்று ஒரு வரி போதும் சார். பெண்ணை நீக்கிவிடலாம். லில்லி டீச்சர் ஆர்டர் என் மேசையில்தான்.’

அவள் ஒரு சொல்லும் மாற்றவில்லை. ‘மக்கா’வைக்கூட விடவில்லை. என் காலத்தில் நானே வெட்டியிருப்பேன்.

மனைவி சமையலறையில். அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் எழுதமாட்டேன்.

பதில் போட்டேன்: ‘சொன்னது நான்தான்.’ அறிக்கையில் பயிற்சி என்ற இடத்தில் அந்தத் தாளின் படத்தை அச்செடுத்து ஒட்டி, ‘இது ஒன்று தவிர எதுவுமில்லை’ என்று எழுதினேன். ஒட்டு கோணல்.

போன் அடிக்கிறது. லில்லி. இன்னும் எடுக்கவில்லை.