தவக்காலத்தில் தேய்த்த பாட்டு

என் சவிரி மச்சானுக்கு,

பாட்டு வந்தால் வாளியைக் கீழே வைத்துவிட்டு நிற்பாயே, அப்படி ஒருதரம் நின்று இதைக் கேள். உன் முப்பத்தோராம் நாள் பூசைக்கு நினைவு மலர் அடிக்கிறார்கள். எல்லாரும் உன்னைப் பற்றி எழுதுகிறார்கள். எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்லக் கோயில் ரீச்சர் எழுதுகிறார். என் பேச்சைத் தோய்த்து, அயன் பண்ணி எழுதுகிறார். பரவாயில்லை, உடுப்புக்குள்ளே இருப்பது நான்தான்.

நீ போன பிறகு நடந்ததைச் சொல்லத்தான் வந்தேன். ஆனால் முன்கதை இல்லாமல் வாசிக்கிறவர்களுக்கு விளங்காது. பொறுத்துக்கொள்.

கடல் கடந்து வந்த இந்த ஊரில், கால்சாப் பகுதியில், அந்தப் பெரிய பழைய வீட்டின் படிகளை நாம் இருவரும் கழுவினோம். நீ முன்னே தேய்த்துக்கொண்டு இறங்குவாய், நான் பின்னே துடைத்துக்கொண்டு வருவேன். தேய்க்கிற தாளத்துக்கு ஒரு வரி கட்டுவாய். மெட்டு, மன்னாரில் றேடியோவில் கேட்ட கன்ட்ரி மெட்டு, குதிரையும் நெடுந்தெருவும் வருகிற மெட்டு. சொல் நம்முடைய சொல். அடுத்த மாடி வருமுன் மறந்துவிடுவாய்.

"மச்சான், இப்ப என்ன சொன்னனான்?"

நான் திருப்பிச் சொல்லுவேன். எழுதத் தெரியாதவனுக்கு மறக்க வசதியில்லை.

உன் மகள் ஜெனிற்றா ட்ரம்ஸ் பழகி, தன்னோடு படித்த இந்த ஊர்ப் பொடியன் சால்வோவை வயலினும் கையுமாகக் கூட்டிவந்து, உன் கிற்றாரையும் என் மண்டலினையும் சேர்த்து 'படிக்கட்டு' என்று பெயர் வைத்தபோது சீசா என்று இங்கே சொல்லும் கோயிலில் நம்முடைய சனம் சிரித்தது. "கழுதையும் இல்லாத தெருவில குதிரைப் பாட்டோ?" என்று கேட்டார்கள். நீயும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாய். எனக்குத்தான் கோபம் வந்தது.

கொம்பனிக்காரர் யாரும் வேண்டாம், அல்பத்தை நாமே போடுவோம் என்றாள் ஜெனிற்றா. உன் குரலுக்கு அந்தப் படிக்கட்டுத்தான் சரியான இடம் என்றாள். வீட்டுக்கார அம்மா, சிஞ்ஞோராவும் சம்மதித்தார். திருத்த வேலைக்காக எல்லாரும் குடியெழும்பி, மேசன்மார் வருமுன் வீடு வெறுமையாகக் கிடந்த அந்தச் சில கிழமைகளில் பதிவு செய்யலாம். அந்தக் கிழமைகள் தவக்காலத்தில் விழுந்தன. லூர்து எழும்பிவிட்டாள். உனக்குப் பெண்சாதி, எனக்குத் தங்கச்சி. அவளை எதிர்த்து நம் இருவரில் எவன் வென்றிருக்கிறான்?

"ஆண்டவர் பாடுபடுற காலத்தில இவையளுக்குக் கொட்டுமுழக்கமோ?"

"அம்மா, பிறகு அந்த வீடு கிடைக்காது."

"பாடுங்கோவன். உன்ர கொப்பரின்ர பாட்டெல்லாம் அழுகைதானே, அதுக்குத் தடையில்லை. மேளம் மட்டும் தட்டப்படாது."

நான் உன்னைப் பார்த்தேன். "நான் இதில கதைக்கேல்லை" என்று கிற்றாருக்குப் பின்னால் ஒளிந்தாய்.

ஜெனிற்றா ட்ரம்ஸ் குச்சிகளைக் கீழே வைத்தாள். பிறகு கேட்டாள்: "அம்மா, தவக்காலத்தில வேலை செய்யலாமோ?"

"செய்யாமல்? ஆர் சோறு போடுறது?"

அடுத்த நாள் அவள் ட்ரம்ஸைக் கொண்டுவரவில்லை. உன் தேய்க்கிற பிறஸ்ஸை எடுத்துக்கொண்டு படியில் குந்தினாள். சரக், சரக், சரசரக். "இது மேளம் இல்லையம்மா. நான் படி தேய்க்கிறன்." தேத்தண்ணிப் போத்தலோடு கீழ்ப்படியில் நின்ற லூர்து வாயைத் திறந்தாள், சொல் வரவில்லை. "கலியாணம் கட்டின நாளிலயிருந்து இண்டைக்குத்தான் மச்சான் இந்தக் காட்சி" என்று என் காதுக்குள் சொன்னாய்.

அன்றைக்குத்தான் 'ஈரப்படி' பாட்டை எடுத்தோம். கடைசி அடிக்கு வந்ததும் நீ நின்றுவிட்டாய். நான் உதட்டை அசைத்துச் சொல் எடுத்துக் கொடுத்தேன். நீ என் பக்கம் திரும்பவில்லை. உதட்டைக் குவித்துச் சீக்காய் அடித்து, அந்த இடம் முழுக்க விசிலாலேயே நிரப்பினாய். சீக்காய் சத்தம் படிப்படியாக மேலே ஏறி, மேல்மாடியில் முட்டித் திரும்பி வந்தது.

"திருப்பி எடுப்பமோ பப்பா?"

"விடு பிள்ளை, மறந்துபோச்சு. இதுவும் நல்லாத்தான் கிடக்கு."

அல்பம் வெளிவந்து முதலில் நம் உறவுகள்தான் கேட்டார்கள், அதுவும் கடமைக்கு. பிறகு ஊர் றேடியோவில் ஒருவன் 'ஈரப்படி'யைப் போட்டான். சால்வோவைக் கூப்பிட்டு, மேளமே இல்லாமல் இவ்வளவு அடக்கமாகச் செய்ய எப்படித் துணிந்தீர்கள், அந்தச் சரசரக்கிறது உங்கள் நாட்டு வாத்தியமா, பழக எத்தனை வருடம் பிடிக்கும் என்றெல்லாம் கேட்டான். நீ சிரித்துச் சிரித்து இருமினாய். அந்தக் கிழமை பஸ் ட்ரைவர் ஒருவன் சிக்னலில் நின்றபடி உன் சீக்காயை அப்படியே அடித்தான். ஓடிவந்து சொன்னேன். "போடா, புளுகாதை" என்றாய். புளுகில்லை மச்சான். அதை உனக்கு நிரூபிக்க நேரம் கிடைக்கவில்லை. அடுத்த கிழமையே உன் நெஞ்சு நின்றுவிட்டது.

அடக்கம் முடிந்த கையோடு அழைப்பு வந்தது. கால்சாக் கடற்கரையில் பெரிய மேடை, நம் 'படிக்கட்டு'க்கு ஒரு முழுப் பின்னேரக் கச்சேரி. நாளோ உன் முப்பத்தொன்றுக்கு முன்னால். துக்கவீட்டில் அதுவரைக்கும் பாட்டில்லை, ரீவியில்லை. "ட்சீயோ, இண்டைக்கு மாட்டம் எண்டா இனிக் கூப்பிடமாட்டினம்" என்று, மாமா முறை சொல்லி, சால்வோ தன் பாசையில் என்னிடம் மன்றாடினான். ஜெனிற்றா ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேளாமல் இருந்ததுதான் என்னை அரித்தது. நீ பாடின அல்பம் உன் துக்கத்தாலேயே அமிழ்ந்து போகட்டுமா?

லூர்திடம் போனேன். உன் படத்துக்கு முன்னால் கறுப்புச் சேலையோடு இருந்தாள். எல்லாம் கேட்டுவிட்டு மெழுகுதிரியை நிமிர்த்தி வைத்தாள்.

"அண்ணை, அடக்கம் முடிஞ்சு நீங்கள் எப்ப வேலைக்குப் போனீங்கள்?"

"அடுத்த நாளே போனன்."

"அதுக்கு நான் ஏதும் சொன்னனானோ?"

"இல்லை."

"அப்ப வேலை உடுப்போட போங்கோ. மேளம் வேண்டாம். பிள்ளை தேய்க்கட்டும்." பிறகு உன் படத்தைப் பார்த்து, "அவற்ற பாட்டை ஆர் பாடுறது?" என்றாள்.

நான் தரையைப் பார்த்தேன்.

"தரையில ஒண்டும் எழுதியில்லை. எழுதியிருந்தாலும் உங்களுக்கு வாசிக்கத் தெரியாது. நீங்கள்தான் பாடவேணும். வேற ஆருக்கு முழுக்கத் தெரியும்?"

போனோம் மச்சான். நீல வேலைச்சட்டை, வாளி, தேய்க்க ஒரு பலகை. அதைப் புதுப் பாணி என்று நினைத்துச் சனம் கைதட்டியது. என் குரல் உனக்குத் தெரியும், எண்ணெய் போடாத கதவு. ஆனாலும் ஒரு சொல் தவறவில்லை.

'ஈரப்படி'யின் கடைசி அடி வந்தது. அந்த அடி என் நாக்கு நுனியில் நின்றது. நீ வெளியே விடாததை அத்தனை பேருக்கு முன்னால் நான் விடலாமா? சீக்காய் அடிக்கலாம் என்றால் கட்டின பல்லு விடாது. வாயை மூடிக்கொண்டு நின்றேன். பிறஸ் மட்டும் சரக், சரக் என்று போய்க்கொண்டிருந்தது.

முன்வரிசையில் யாரோ ஒருவர் சீக்காய் அடித்தார். பிறகு கடல் பக்கத்தில் இன்னொருவர். பிறகு அந்த வெளி முழுக்க. நீ மறந்த இடத்தை ஊர் மறக்கவில்லை மச்சான். என் கை மண்டலினில் நின்றுவிட்டது. ஜெனிற்றா தலையைக் குனிந்தபடி தேய்த்துக்கொண்டே இருந்தாள். பலகை ஈரமாக இருந்தது. வாளித் தண்ணியா என்று நான் கேட்கவில்லை.

லூர்து வீட்டிலிருந்தே போனில் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நான் போய்ச் செருப்பைக் கழற்றுமுன் கேட்டாள்: "அந்த இடத்தில அண்ணை மறந்துபோனீங்களோ?"

"நான் மறக்கிறனானோ?"

என்னை உற்றுப் பார்த்தாள். "அப்ப அவர்?"

நான் செருப்பைக் கழற்றக் குனிந்துகொண்டேன். சொல்லு மச்சான், உண்மையாகவே உனக்கு மறந்ததா? இல்லை, கீழ்ப்படியில் போத்தலோடு அவள் நின்றதாலா? அந்த அடியில் அவளுடைய பெயரல்லவா இருக்கிறது? பெற்ற பிள்ளைக்கு முன்னால் பாட உனக்கு வெட்கம் வந்ததா?

ரீச்சர் பேனையோடு காத்திருக்கிறார். அவருக்கும் அதைச் சொல்லமாட்டேன்.

உன் முப்பத்தொன்றுப் பூசை முடிந்து, சனம் சாப்பிட்டுப் போனபிறகு, அந்த அடியை லூர்துக்கு மட்டும் பாடிக் காட்டுவேன். ஒரு சொல்லும் விடமாட்டேன். அன்றைக்கு மேளத்துக்குத் தடையில்லை. மற்றவர்களுக்குக் கேளாமல் இருக்க, ஜெனிற்றாவை வெளியே ட்ரம்ஸ் அடிக்கச் சொல்லுவேன்.

உனக்குப் பின்னால் துடைத்துக்கொண்டு வரும் மச்சான்,
லூர்தின் அண்ணன்
மரியான்