இளசா பாத்து ரெண்டு கறி

அன்புள்ள சுண்டெலிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம், மாடிக் குழாய் மட்டும் இன்னும் ஒழுகுகிறது. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் நல்லாருக்கேம்மா என்று ஒரே வரியில் முடித்துவிடுவாய், அதனால் இந்த முறை அப்படிக் கேட்கவில்லை, வேறு விதமாகக் கேட்டிருக்கிறேன், கடைசிவரை படி. கல்யாண வரவேற்புக்குச் சாப்பாட்டுப் பட்டியல் முடிவாகிவிட்டதா என்று நீ கேட்டுப் பதினோரு நாளாகிறது. இவ்வளவு தாமதமாகப் பதில் சொல்வதற்கும், போனை விட்டுவிட்டுத் தாளில் எழுதுவதற்கும் காரணம் ஒன்றுதான். இனிமேல் சாப்பாட்டு விஷயத்தைப் போனில் பேசுவதில்லை என்று நானும் உன் வருங்கால மாமியாரும் சேர்ந்து முடிவெடுத்திருக்கிறோம். நாங்கள் இருவரும் சேர்ந்து எடுத்த முதல் முடிவு இது. பள்ளி ஆய்வகத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். செய்முறைத் தேர்வு நடக்கிறது, பதினான்கு பிள்ளைகள் குடுவையில் நிறம் மாறுவதற்காகக் காத்திருக்கிறார்கள், அதுவரை ஆய்வக உதவியாளருக்கு வேலை இல்லை. தாளின் பின்பக்கம் யாரோ போட்ட கணக்கு இருக்கும், அதைப் பார்க்காதே, விடை தப்பு.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். மாப்பிள்ளை வீட்டில் சைவம் என்று நீ முதலிலேயே சொல்லியிருந்தாய். விருந்தும் சைவமாகத்தான் இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, அதை உன் பெரியப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியப்பாவை உனக்குத் தெரியும். எந்தக் கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தாலும், பொண்ணு மாப்பிள்ளை எப்படி என்று கேட்டால், எலும்பு ஜாஸ்தி என்பார். அந்த நேரத்தில்தான் சம்பந்தி அம்மா போன் செய்தார். ஏங்க, கறி ரெண்டு வெச்சிரலாம், ஒண்ணு வறுத்தது, ஒண்ணு மசாலா போட்டது, என்றார். உங்க வீட்ல யாரும் சங்கடப்பட மாட்டாங்களே என்று கேட்டேன். இதுல என்னங்க சங்கடம், கறி இல்லாம ஒரு விருந்தா, என்று சிரித்தார். அதோடு விடவில்லை, இளசா பாத்து வாங்கச் சொல்லுங்க, முத்துனதுன்னா நாரா இருக்கும், பல்லுல மாட்டிக்கும், என்றும் சொன்னார். ஆட்டைப் பற்றி இவ்வளவு தெரிந்தவரா என்று அவர்மேல் எனக்கு மரியாதையே கூடிவிட்டது. உண்மையைச் சொன்னால் எனக்கு அது பெரிய அதிர்ச்சியும் இல்லை. இரண்டு மூன்று முறை நான் கூப்பிட்டபோது, கறி நறுக்கிட்டிருக்கேன், அப்புறமா கூப்பிடவா, என்று சொல்லியிருக்கிறார். வெளியில் சைவம் என்று சொல்லிக்கொண்டு உள்ளே சாப்பிடுகிறார்கள் போலிருக்கிறது, நமக்கென்ன என்று நினைத்து, அப்பாவிடம் மட்டும் சொல்லி வைத்தேன். விருந்தில் கறி உண்டு என்கிற நல்ல செய்தியை மட்டும் பெரியப்பாவிடம் சொன்னேன். அதாவது எல்லோரிடமும் சொன்னேன்.

நம் வீட்டில் கறி என்றால் ஆடு. அவர்கள் வீட்டில் கறி என்றால் பீன்ஸ். பெயர் ஒட்டாத பாட்டிலைத் தொடாதே, உள்ளே என்ன இருக்கிறது என்று நீயாக நினைத்துக்கொள்ளாதே என்று பிள்ளைகளுக்குத் தினமும் சொல்கிறவள் நான்.

போன சனிக்கிழமை நான், சம்பந்தி அம்மா, சமையல் மாஸ்டர் மூன்று பேரும் மண்டபத்துச் சமையலறையைப் பார்க்கப் போனோம். இடம் நன்றாக இருக்கிறது, தோள் உயரத்துக்கு வெள்ளை ஓடு பதித்திருக்கிறார்கள், தண்ணீர் போக வழி இருக்கிறது, தரைதான் வழுக்குகிறது, அன்றைக்கு நீ ஹீல்ஸ் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் வராதே. மாஸ்டர் காதில் இருந்த பென்சிலை எடுத்துப் பட்டியலை வாசித்தார். சூப்பு, சோறு, ரொட்டி, பருப்பு, இளம் ஆடு அறுபது கிலோ என்றார். என்ன ஆடு என்று சம்பந்தி அம்மா கேட்டார். வெள்ளாடுதாங்க, நீங்க கேட்ட மாதிரியே இளசு, ஆறு ஆடு சொல்லி வெச்சிருக்கேன், என்றார் மாஸ்டர். சம்பந்தி அம்மா அங்கே கவிழ்த்து வைத்திருந்த ஒரு அண்டாவின் மேல் மெதுவாக உட்கார்ந்தார். நான் பீன்ஸச் சொன்னேங்க என்றார். கத்துவார் என்று பார்த்தேன், கத்தவில்லை. யோசித்துவிட்டு, அப்ப நான் கறி நறுக்கிட்டிருக்கேன்னு சொன்னப்பல்லாம் நீங்க என்னங்க நெனச்சீங்க, என்று கேட்டார். பீன்ஸ்னுதான் என்றேன். அது நான் சொன்ன முதல் பொய்.

மாஸ்டர் அந்தத் தாளைக் கிழித்துவிட்டுப் புதுத் தாள் எடுத்தார். ஆட்டுக்காரரைக் கூப்பிட்டு வேண்டாம் என்று சொல்லியாயிற்று, ஆறு ஆடுகள் பிழைத்துக்கொண்டன. காளான் சூப்பு, பட்டாணி போட்ட சோறு, மெல்லிய ரொட்டி, கெட்டிப் பருப்பு, பீன்ஸ் வறுத்தது, உருளைக்கிழங்கு மசாலா, காலிஃபிளவர் பொரித்தது, தயிரில் ஊறின வெள்ளரிக்காய், முட்டை இல்லாத கேக் என்று பதினோரு வரி வந்தது, மிச்சம் இரண்டு வரி பழமும் ஐஸ்கிரீமும். காளானில் ஒரு சிக்கல், உன் வருங்கால மாமனார் காளான் தொடமாட்டாராம், அதுல விதையும் இல்ல இலையும் இல்ல, எப்படி நம்பறதுன்னு கேக்கறார் என்றார் சம்பந்தி அம்மா. அவருக்குத் தக்காளி சூப்பு தனியாக. நம் பக்கத்து ஆட்கள் ஏமாந்து போவார்களே என்று நான் இழுத்தபோது, மாஸ்டர், சோயாவை அரைச்சு கோழிக்கால் மாதிரி பிடிச்சு நடுவுல ஒரு குச்சி சொருகிடறேன், பாதிப் பேருக்குத் தெரியாது, என்றார். வேஷம் போட்ட சாப்பாடு வேண்டாங்க என்றார் சம்பந்தி அம்மா. எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. இது நாங்கள் சேர்ந்து எடுத்த இரண்டாவது முடிவு.

அதற்குப் பிறகுதான் மாஸ்டர் அந்தக் கேள்வியைக் கேட்டார். பொண்ணுக்கு எது ரொம்பப் புடிக்கும்னு சொல்லுங்க, அதைப் பன்னெண்டாவதாப் போட்டு நானே கையால செய்யறேன், என்றார். நானும் சம்பந்தி அம்மாவும் ஒரே நேரத்தில் பதில் சொன்னோம். நான் ஈரல் வறுவல் என்றேன், பழக்க தோஷம். அவர் கத்தரிக்காய் என்றார். மாஸ்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கல்யாணம் ஒரு பொண்ணுக்குத்தானே, என்று கேட்டார். சம்பந்தி அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு, அவ ரெண்டு வருஷமா அசைவம் தொடறதே இல்லையேங்க, உங்களுக்குத் தெரியாதா, என்றார். தெரியும் என்றேன். அது இரண்டாவது பொய்.

ஒரு பிள்ளை குடுவையை உடைத்துவிட்டாள், பெருக்கிவிட்டு வந்தேன். யாருக்கும் கையில் படவில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கணக்குப் போட்டேன். இரண்டு வருடத்தில் நான்கு முறை வந்திருக்கிறாய். நான்கு முறையும் நீ வருவதற்கு முதல் நாளே கடைக்குப் போய் நின்று ஈரல் வாங்கி வந்து செய்தேன். தட்டு ஒவ்வொரு முறையும் காலியாகத்தான் இருந்தது. அன்றைக்கு அப்பா டியூட்டி முடிந்து வந்து, பஸ் சாவிப் பழக்கத்தில் வீட்டுச் சாவியையும் விரலில் சுற்றிக்கொண்டு நின்றபோது, உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியுமே என்றார். நீ அடுப்புப் பக்கம் திரும்பறப்ப அவ தட்டுல இருக்கறது என் தட்டுக்கு வந்துரும், என்றார். ரெண்டு வருஷமாவா என்றேன். ஆமா, அவ சொல்லாதேன்னா, என்றார். ஒரு தடவை, இன்னும் ரெண்டு துண்டு வைம்மா, என்று நீ கேட்டாயே, எனக்கு அன்றைக்கெல்லாம் சந்தோஷம், அது மேசைக்குக் கீழே அப்பா உன் காலைச் சுரண்டியதால் என்று இப்போதுதான் தெரிகிறது. போன வருடம் டிரைவர்களுக்கு எடுத்த சோதனையில் அப்பாவுக்குக் கொழுப்பு கூடியிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். உட்கார்ந்தே ஓட்டுகிற வேலை, அதனால்தான் என்று தினமும் சாயங்காலம் நடக்கச் சொல்லி விரட்டினேன். மனிதர் நடந்தாரே தவிர வாயைத் திறக்கவில்லை.

பெரியப்பாவிடமும் விஷயத்தைச் சொல்லியாயிற்று. பீன்ஸா என்று ஒரு முறை கேட்டார். பிறகு, சரி, நான் வீட்ல சாப்பிட்டுட்டே வந்துடறேன், வாழ்த்தறதுக்கு வயிறு நெறைஞ்சிருந்தா போதும்ல, என்றார். அவர் அளவில் அது பெரிய மனசுதான்.

கோபமாக இருக்கிறேனோ என்று நினைக்காதே. இருந்தேன், நான்கு நாள், இந்தக் கடிதம் தாமதமானதில் அதற்கும் பங்கு உண்டு. என்னிடம் சொல்லாததைவிட சம்பந்தி அம்மாவிடம் சொன்னதுதான் உறுத்தியது. அப்புறம் துணி அலமாரியைத் திறந்தபோது கதவின் உள்பக்கம் பார்த்தேன். நான் எழுதிய எண்கள் அப்படியே இருக்கின்றன. உனக்கு மூன்று வயதில் ரத்தம் ஏழுதான் இருக்கிறது என்றார்கள். எனக்கு அப்போது இருபத்திரண்டு, உன்னை மடியில் போட்டுக்கொண்டு தபாலில் பட்டப்படிப்பு முடித்துக்கொண்டிருந்தேன், எனக்கு என்ன தெரியும். ஈரல் கொடுங்கள் என்றார்கள், கொடுத்தேன். ஜன்னலில் உட்காரவைத்து, பார் அப்பா பஸ் போகுது என்று ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஒரு வாய். எல்லா பஸ்ஸும் உனக்கு அப்பா பஸ்தான். ஏழு, ஏழரை, எட்டு, ஒன்பதே கால், பதினொன்று. பதினொன்றுக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறேன். நான் வேண்டாம் என்றால் அம்மா கண்ணுக்கு அந்த ஏழுதான் தெரியும் என்று நினைத்திருப்பாய். தெரிந்திருக்கும்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் நீ ஒன்றை யோசித்துப் பார். நாளைக்கு அந்த வீட்டில் உனக்கு ஒத்துவராத ஒன்று தட்டில் விழும். சாப்பாடாக இல்லாமல் வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். அங்கே உன் பக்கத்தில் அப்பாவின் தட்டு இருக்காது. வேண்டாம் என்று வாயால் சொல்லித்தான் ஆகவேண்டும். அதை என்னிடமே சொல்லிப் பழகியிருந்தால் உனக்குச் சுலபமாக இருந்திருக்கும், சொல்ல முடியாதபடி நான் ஈரலோடு நின்றுகொண்டிருந்தேன். இப்போது கையில் ஒன்றும் இல்லை, சொல்லிப் பார்.

வரவேற்பில் ஒவ்வொரு பாத்திரத்துக்கு முன்னாலும் பெயர் எழுதி வைப்பது என்று முடிவாகியிருக்கிறது, ஆய்வகத்து லேபிள் தாளில் நானே எழுதுகிறேன், கையெழுத்து நன்றாக இருக்கும். பதினோரு லேபிள் எழுதி முடித்துவிட்டேன். பன்னிரண்டாவது காலியாக இருக்கிறது. கத்தரிக்காய் என்று சம்பந்தி அம்மா சொன்னதை எழுதிவிடலாமா என்று மாஸ்டர் கேட்டார், அவளே சொல்லட்டும் என்று சொல்லிவிட்டேன். ஒருவேளை அவரிடமும் நீ மரியாதைக்குத்தான் சொன்னாயோ என்னவோ.

அவ்வளவுதான் விஷயம். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். இரண்டு பேரும் வேண்டும், வேண்டாம் இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு நிறைய வருடம் சேர்ந்து இருக்க வேண்டும், அதுதான் எங்கள் ஆசீர்வாதம், அப்பா இதற்குக் கீழே கையெழுத்துப் போட வெட்கப்படுகிறார். மறக்காமல் இரண்டு காரியம் செய். நாளைக்கே ரத்தம் சோதித்து எண்ணை அனுப்பு, நல்லாருக்கேன் என்று எழுதாதே, எண் வேண்டும், அலமாரிக் கதவில் இன்னும் இடம் இருக்கிறது. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் பன்னிரண்டாவது வரிக்கு உனக்கு என்ன வேண்டுமோ அதை எழுது. கூப்பிட்டுப் பேசாதே, எழுது. ஒரு சொல் போதும். கறி என்று மட்டும் எழுதிவிடாதே.

இப்படிக்கு,
தெரியும் என்று சொல்லிவிட்டு வந்த
உன் அம்மா