பக்கிரிசாமி வந்தால் கதவைத் திற

என் கண்ணு சிஞ்சனாவுக்கு, அம்மா எழுதுவது. மாதேஸ்வர சாமி புண்ணியத்தில் இங்கே அப்பாவும் நானும் கறவை மாடும் சௌக்கியம். நீ சௌக்கியம் என்று உன்னைக் கண்ணால் பார்த்த யாராவது சொன்னால்தான் எனக்கு நெஞ்சு அடங்கும். திருவாரூர் பஸ்ஸில் என்னோடு போனில் கன்னடம் பேசினதும் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள், இனி நீ கூப்பிடாதே, நானே கூப்பிடுகிறேன் என்றாயே, அன்றிலிருந்து போனை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். நீ கூப்பிட்டாலும் ம், ம் என்று உன் பாங்க் கவுண்டரில் நிற்பவர்களிடம் பேசுவது போலப் பேசி வைத்துவிடுகிறாய். டிவியைப் போட்டால் காவிரித் தண்ணீர்ச் சண்டையில் எல்லையில் ஒரு லாரி எரிகிறது, அதையே காட்டிக்கொண்டிருக்கிறார்கள், எனக்கோ ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு லாரி எரிவது போல இருக்கிறது. யார் தட்டினாலும் கதவைத் திறக்காதே என்று போன வாரம் சொன்னேன் அல்லவா, அதில் ஒரே ஒரு மாற்றம், அதற்காகத்தான் இந்தக் கடிதம், பாதியில் வைத்துவிடாமல் படி.

உன் அப்பாவுக்குப் புத்தி போக வேறு நேரமே கிடைக்கவில்லை. கோர்ட்டில் வக்கீல்கள் பேசட்டும், நாம் ஒருத்தர் வயலை ஒருத்தர் பார்ப்போம், ஒருத்தர் வீட்டில் ஒருத்தர் சாப்பிடுவோம் என்று விவசாயிகள் சங்கத்தில் பேசி, உங்கள் திருவாரூர்ப் பக்கத்திலிருந்து நாலு பேரை மண்டியாவுக்கு வரவழைத்துவிட்டார்கள். ஒருவர் நம் வீட்டுக்கு என்றதும் எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து உன் பெரியப்பா ஜவரேகௌடர் வந்து, "நம்ம கரும்பு காஞ்சு கெடக்கு, நீ அவனுக்கு எலை போடுறியா? அவன் உள்ள கால் வெச்சான்னா இந்த வீட்டுல நான் பச்சத் தண்ணி தொட மாட்டேன்" என்று தெருவே கேட்கக் கத்தினார். அண்ணன் தம்பி உறவு இன்றோடு போச்சு என்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். யாராவது கல்லெறிந்தால் என்ன செய்வது என்று மாட்டைக்கூடப் பின்னால் கொண்டுபோய்க் கட்டினேன்.

வந்தவர் பெயர் பக்கிரிசாமி. ஒல்லியான மனிதர், உன் அப்பா வயதிருக்கும். ரயில் ஏறினதிலிருந்து வாயே திறக்கவில்லையாம், தமிழைக் கேட்டு யாராவது அடித்துவிட்டால் என்ன செய்வது என்று. ஈரோட்டு மண்டிக்கு வெல்லம் ஏற்றிப் போன காலத்தில் கற்றுக்கொண்ட தமிழை வைத்து அப்பா இதைச் சொன்னபோது எனக்கு உன் ம், ம் தான் ஞாபகம் வந்தது. அப்பா அவரை நம் கால்வாய்க்குக் கூட்டிப் போனார். நாம் தண்ணீரைத் தேக்கி வைத்துக்கொண்டு கொடுக்க மறுக்கிறோம் என்று நினைத்திருந்தவர், காய்ந்த கால்வாய்க்குள் ஆடு மேய்வதைப் பார்த்து அங்கேயே உட்கார்ந்துவிட்டாராம். அவர் ஊரிலும் இந்த வருஷம் குறுவை நடவில்லை.

மத்தியானம் கேழ்வரகுக் களி உருண்டையும் கொள்ளுச் சாறும் போட்டேன். அவர்கள் அரிசிச் சோற்றுக்காரர்கள் அல்லவா, பாவம், களியை வாயில் போட்டு மெல்லத் தொடங்கிவிட்டார். பல்லில் ஒட்டி, மேலண்ணத்தில் ஒட்டி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஆனாலும் மரியாதைக்கு மென்றுகொண்டே இருக்கிறார், அப்பாவும் மரியாதைக்குச் சும்மா இருக்கிறார். எவ்வளவு அநியாயம் நடக்கிறது என்று வாசலோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த உன் பெரியப்பாவால் அதைப் பொறுக்க முடியவில்லை. "லேய் தம்பி, அந்த மனுசனக் கொல்லப் போறியா? கடிக்கக் கூடாது, முழுங்கணும்னு சொல்ல உனக்கு வாய் இல்லியா?" என்று உள்ளே வந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கிள்ளி, உருட்டி, சாற்றில் புரட்டி, தொண்டையைத் தொட்டுக் காட்டி முழுங்கினார். பச்சைத் தண்ணீர் தொடாதவர் இரண்டு உருண்டை உள்ளே தள்ளினார். கை கழுவிவிட்டு, "தண்ணி விட மாட்டோம், அது வேற" என்றார். அப்பா அதைத் தமிழில் சொன்னதும் பக்கிரிசாமியும் விடவில்லை, "கேக்காம நாங்களும் விட மாட்டோம், அது வேற. தங்கச்சிய இன்னொரு உருண்ட வைக்கச் சொல்லுங்க" என்றார்.

நம் பெண் அங்கேதான் இருக்கிறாள் என்று மூச்சு விடாதே என்று அப்பா சொல்லியிருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. உன் போட்டோவைக் கொண்டுவந்து காட்டி, நீ பயந்து அறையைப் பூட்டிக்கொண்டு கிடப்பதை அப்பாவையே சொல்ல வைத்து, விலாசத்தையும் கொடுத்துவிட்டேன். தனியாக இருக்கும் பெண்ணின் விலாசத்தை முன்பின் தெரியாதவரிடம் கொடுத்துவிட்டேனே என்று கொடுத்த பிறகுதான் உறைத்தது. அவர் போட்டோவைக் கையில் வாங்கிப் பார்த்தார். "ஏம்மா, அந்தப் புள்ள எதுக்கு ரூமுக்குள்ள பூட்டிக்கிட்டுக் கெடக்குது? எங்க வூட்டுல உக்காந்து அவ அம்மாகிட்ட அவ பாஷையில சத்தமாப் பேசட்டும், எவன் திரும்பிப் பாக்குறான்னு நான் பாத்துக்கிறேன்" என்றாராம். அப்பா அதைக் கன்னடத்தில் சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

சாயங்கால மயிலாடுதுறை ரயிலில் போகிறார். இப்போது அவருக்காகவும் சேர்த்துப் பயப்படுகிறேன். உன் பெரியப்பா, ஸ்டேஷன் வரை நானே கொண்டுபோய் விடுகிறேன், எவன் கை வைக்கிறான் பார்ப்போம் என்று பைக்கை உறும விட்டுக்கொண்டு நிற்கிறார், எழுதியது போதும் என்கிறார். அவரிடம் கேழ்வரகு மாவும் இந்தக் கடிதமும் கொடுத்தனுப்புகிறேன், கடிதத்தைக் கதவுக்கடியில் தள்ளிவிட்டு, நீ படித்த பிறகு தட்டச் சொல்லியிருக்கிறேன். அவர் வீட்டம்மாவுக்கு நீயே களி கிண்டிக் கொடு, கடிக்க விடாதே. தலைக்கு எண்ணெய் வை, இருட்டுவதற்குள் அறைக்கு வந்துவிடு. மாதேஸ்வரன் உன்னை நூறு வயசு நன்றாக வைத்திருக்கட்டும்.

அவர் வந்து தட்டினால் திற. அவர் வீட்டுக்குப் போய் அங்கிருந்து என்னைக் கூப்பிடு. ம், ம் என்றால் வைத்துவிடுவேன், ஆமாம். கன்னடத்தில் பேசு, உரக்கப் பேசு.

இப்படிக்கு,
போனும் கையுமாக இருக்கும் உன் அம்மா,
சௌபாக்கியம்மா