நீர் வாசித்த பாதிச் சட்டம்

இன்று காலை நெற்றியில் இடுவதற்குச் சந்தனம் குழைத்தேன். வாசனை எழுந்ததும் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டேன். ஆயுதபூஜையன்று ஸ்பேனருக்கும் ஜாக்கிக்கும் சந்தனம் வைத்த விரலால்தான் உமது கைத்துப்பாக்கிக்கும் ஒரு பொட்டு வைத்தேன். நீர் கண்ணை மூடி அப்போது இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. உமது பொருளைப் பொட்டில்லாமல் விட மனம் வரவில்லை. பார்க்க லட்சணமாக இருந்தது. போட்டோ எடுத்து, டெக்ஸாஸில் நம் ஊரான ரவுண்ட் ராக் தமிழர்களின் வாட்ஸப் குழுவில் போட்டேன். அடுத்த வாரம் இரண்டு அதிகாரிகள் வாசலில் நின்றார்கள். அவர்கள் கையில் அந்தப் போட்டோ இருந்தது.

குற்றவாளி என்று ஒருமுறை தீர்ப்பானவன் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. அதுதான் வழக்கு. வரும் திங்கட்கிழமை கோர்ட். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். தெருவில் ஒரு கார் மெதுவாகப் போனாலும் எழுந்து ஜன்னலுக்கு ஓடுகிறேன். இந்த வயதில் இப்படி ஒரு பயம் வரும் என்று நினைக்கவில்லை.

பழைய வழக்கு நீர் அறியாததா? வேலையை வாங்கிக்கொண்டு காசு தராமல், என் ஒர்க்‌ஷாப்பிலேயே நின்று என்னைத் திருடன் என்றவனை ரெஞ்சால் அடித்தேன். கோர்ட் வராந்தாவில் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினீர். “அடிச்சது தப்புதான்னு ஒரு வார்த்தை சொல்லும்வே, உம்ம வாயில முத்தா உதிர்ந்துரும்?”

“அவன் என்னையத் திருடன்னு சொன்னது மட்டும் சரியாவே?” என்று கேட்டேன். எட்டு மாதம் ஜெயில் கிடைத்தது. இன்றும் அந்தக் கேள்விக்கு எவனும் பதில் சொல்லவில்லை.

நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். இஞ்சினைக் கழற்றிப் போட்டுத்தான் இஞ்சின் கற்றேன். நீர் பெரிய கம்பெனி இஞ்சினியர். மருந்துச் சீட்டைக்கூடக் கடைசி வரி வரை வாசிப்பவர். அதனால்தான் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு நீர் சொன்னதை நம்பினேன்.

“பேரப்பிள்ளைக வாராவ. வீட்டுல அந்தத் துப்பாக்கி கெடக்கக் கூடாது. நீரு வச்சிரும்.”

“எனக்குக் கேஸ் இருக்குவே. மறந்துட்டீரா?”

“அது முடிஞ்சு எத்தன வருசம் ஆச்சு? டெக்ஸாஸ்ல அஞ்சு வருசம் போயிட்டா வீட்டுக்குள்ள வச்சுக்கிடலாம். வாசிச்சுப் பாத்துட்டுத்தான் சொல்லுதேன். சும்மா பயந்து சாவாதேயும்.”

சாகப்போகிற மனிதர் நீர், என்னைப் பார்த்து அப்படிச் சொன்னீர். இருவரும் சிரித்தோம். மறுநாள் உமது மனைவி, மதினி, என் வீட்டுக்கு வந்து, துப்பாக்கிப் பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் ஆஸ்பத்திரிக்குத் திரும்பினார்கள்.

எனக்கு அமைந்த வக்கீல் நம்மூர்க்காரர் மகள், ஆஸ்டினில் பிறந்தவள். நீர் சொன்னதை அவளிடம் அப்படியே சொன்னேன்.

“அங்கிள், அந்த அஞ்சு வருஷம் ஸ்டேட் லா. ஃபெடரல் லால அதெல்லாம் கிடையாது. உங்க கேஸ் ஃபெடரல்.”

“என் வீடு டெக்ஸாஸ்லதானம்மா இருக்கு?”

“அமெரிக்காலயும் இருக்கு அங்கிள்.”

போதாக்குறைக்கு என் வாயாலேயே மாட்டிக்கொண்டிருந்தேன். உன்னுடையதா என்று அதிகாரி கேட்டபோது, “நோ, ஐ ஆம் கீப்பிங் இட்” என்றேன். நாம் ‘வச்சிருக்கேன்’ என்றால் அடுத்தவர் பொருள் என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்றும் ஆகும். அந்த அர்த்தத்தில்தான் சொன்னேன். “சொந்தமா இல்லையான்னு யாருமே கேக்கல அங்கிள். வச்சிருந்தீங்களாங்கறதுதான் கேஸ். அதை நீங்களே கன்ஃபர்ம் பண்ணிட்டீங்க” என்று வக்கீல் பெண் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

இப்போது அரசு வக்கீலுக்கு ஒன்று தெரிய வேண்டும். பெட்டியை என் கையில் கொடுத்தது யார்? சொன்னால் தண்டனை குறையலாமாம். குற்றவாளி என்று தெரிந்தே ஒருவனிடம் துப்பாக்கி கொடுப்பதும் குற்றமாம். மதினியிடம் இருப்பது கிரீன் கார்டு மட்டும்தான், குடியுரிமை இல்லை. பேரப்பிள்ளைகளிடமிருந்து பிரித்து ஊருக்கு அனுப்பிவிட்டால்? நீரே தந்தீர் என்று சொல்லலாமா என்றுகூட ஒரு நாள் யோசித்தேன். அந்த வாரம் முழுக்க நீர் படுக்கையை விட்டு எழவில்லை என்று ஆஸ்பத்திரிக் காகிதம் சொல்லும். எனக்குப் பொய்யும் வராது.

நேற்று மதினி போன் செய்தார்கள். “நானே வந்து சொல்லிருதேன் அண்ணாச்சி. உங்கள மாட்டிவிட்டுட்டு எனக்குச் சோறு எறங்குமா?”

“நீங்க வாயத் தெறந்தா அப்புறம் ஒங்க வீட்டு வாசல மிதிக்க மாட்டேன்” என்றேன். அழுதார்கள். போனை வைத்துவிட்டேன்.

இன்று வக்கீல் பெண் கடைசியாகக் கேட்டாள். சொல்ல மாட்டேன் என்றேன். “பிடிவாதத்துக்கு ஜட்ஜ் மார்க் போட மாட்டார் அங்கிள்” என்றாள். போட வேண்டாம்.

உம் மேல் எனக்குக் கோபம்தான். வாசித்ததுதான் வாசித்தீர், முழுசாக வாசித்திருக்கக் கூடாதா? மூச்சு வாங்கிக்கொண்டு, என்னை நினைத்து அந்தப் பாதியைத் தேடி வாசித்தீரே என்று நினைத்தால் முழுசாகக் கோபப்படவும் முடியவில்லை.

இதை எழுதி முடித்ததும் கிழித்துவிடுவேன். திங்கட்கிழமை என்ன ஆகும் என்று தெரியவில்லை. முதல் தடவை உள்ளே இருந்தபோது ஞாயிறு தவறாமல் வந்து பார்த்தீர். இந்தத் தடவை தாம் வருவதாக மதினி சொல்கிறார்கள். அதையும் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். பார்க்க வருகிறவர் பெயரை அங்கே எழுதி வைப்பார்கள்.