விரல் படாமல் வைத்த பொட்டு

புது ஃபிளாப்பிப் பெட்டி ஒன்றை இன்று காலை பிரித்தேன், அக்கா. பிரித்ததும் வருமே ஒரு வாசனை, புதுச் செருப்புக்கும் ரெயின்கோட்டுக்கும் நடுவில், அது அறை முழுக்க நின்றது. முதல் பெட்டி வந்த அன்று நீங்கள் அதை மூக்கருகே கொண்டுபோய், "மழைக்காலத்துப் பள்ளிக்கூடம் மாதிரி இருக்கு டீச்சர்" என்றீர்கள். நான் டீச்சர் இல்லை. அலுவலகத்தில் கணக்கில் எம்.எஸ்சி. படித்தவள் நான் ஒருத்திதான் என்பதால், கம்ப்யூட்டர் பயிற்சிக்கு என்னைப் பாண்டிச்சேரிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்து உங்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்த முதல் நாளே அந்தப் பெயரை வைத்துவிட்டீர்கள்.

புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்காகக் கம்ப்யூட்டர் சொற்களை எளிய தமிழில் விளக்கி எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். மெமரி, கர்சர், ஃபைல் எல்லாம் எழுதியாயிற்று. ஃபிளாப்பி என்று தலைப்புப் போட்டதோடு நிற்கிறது. அந்தத் தாளை ஒதுக்கிவிட்டு இதை எழுதுகிறேன்.

நீங்கள் தலைமை டைப்பிஸ்ட். பிரெஞ்சுக்காரர் காலத்துப் பிறப்புப் பதிவேடுகளைத் தடங்கலில்லாமல் படிக்கத் தெரிந்தவர் எங்கள் கட்டிடத்திலேயே நீங்கள் ஒருவர்தான். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த சொல்தாக்களின் பிள்ளைகளும் பேரன்களும் தாத்தா பிறந்த பதிவைத் தேடி வந்தால், அந்தச் சாய்ந்த கையெழுத்தை நீங்கள்தான் வாசித்துச் சொல்வீர்கள். அந்தப் பெயர்களையெல்லாம் அகரவரிசையில் கம்ப்யூட்டரில் ஏற்றுவதுதான் எங்களுக்கு வந்த முதல் வேலை. அதை முடிப்பவரிடம் கம்ப்யூட்டர் அறையை ஒப்படைப்பதாக அதிகாரி சொல்லியிருந்தார். அந்தப் பொறுப்பு கிடைத்தால் ஓய்வுபெறும்வரை ஊர் மாற்றம் கிடையாது.

அது உங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்குத் தெரியும். எங்கள் வேலையில் எல்லோருக்கும் ஒருமுறை தூரத்து மாஹேவுக்கோ ஏனாமுக்கோ மாற்றல் வந்தே தீரும். உங்கள் கணவர் வாதத்தில் விழுந்து இடது பக்கம் அசைவில்லாமல் இருந்தார். மத்தியான இடைவேளையில் வீட்டுக்கு ஓடிப்போய் அவருக்குச் சோறு ஊட்டிவிட்டு, ஈரக் கை காயாமல் வந்து உட்காருவீர்கள். அதற்காகத்தான் ஐம்பது வயதுக்கு மேல் இந்தப் புது இயந்திரத்தோடு மல்லுக்கு நின்றீர்கள்.

வேடிக்கையாகத்தான் நின்றீர்கள். வரி முடிந்ததும் பழக்கதோஷத்தில் இடது கை எழும்பி, இல்லாத டைப்ரைட்டர் கைப்பிடியைத் தள்ளும். "காத்த அறைஞ்சிட்டேன் பாருங்க" என்று நீங்களே சிரிப்பீர்கள். திரையில் மினுங்கும் சின்னக் கோட்டைக் காட்டி, "ஏன் டீச்சர், இது எதுக்குக் கண்ணடிக்குது?" என்றீர்கள்.

"அதுக்குப் பேரு கர்சர். நீங்க அடுத்து எழுதப்போற எடம் அது. உங்களுக்காகக் காத்திருக்கு."

"பரவாயில்லையே. இந்த ஆபீஸ்ல நமக்காகக் காத்திருக்கவும் ஒண்ணு இருக்கு."

மெமரி பற்றிச் சொன்ன அன்று, நல்லவேளையாகக் கரண்ட் போனது. திரையில் நீங்கள் அடித்திருந்த பக்கம் மறைந்தது. ஃபிளாப்பியில் பதியாத எதுவும் கரண்டோடு போய்விடும் என்றேன். பதிவது என்பதற்குத்தான் சேவ் என்று பெயர் என்றேன். நீங்கள் யோசித்துவிட்டு, "அப்ப இது நம்ம சூப்பிரண்டெண்ட் மாதிரி. சாப்பிட்டு எந்திரிச்சா காலைல சொன்னது ஞாபகம் இருக்காது, எழுதி கையெழுத்து வாங்கிக்கணும்" என்றீர்கள். நான் சொன்ன எந்த விளக்கமும் அவ்வளவு சரியாக இல்லை.

டைப்ரைட்டரில் ஒன்று என்ற எண்ணுக்குத் தனிக் கட்டை இல்லாததால் ஆங்கிலச் சின்ன 'எல்'லையே அடித்துப் பழகியவர் நீங்கள். கம்ப்யூட்டரிலும் அப்படியே அடித்தீர்கள். ஆண்டுவாரியாகத் தேடினால் ஒன்றும் கிடைக்கவில்லை. பார்வைக்கு ஒன்றாக இருந்தாலும் அதற்கு எழுத்து வேறு, எண் வேறு என்று விளக்கியதும், முணுமுணுக்காமல் எல்லாவற்றையும் திருத்தினீர்கள். காரணம் சொன்னால் உங்களுக்குப் போதும். ஒருமுறைக்கு மேல் சொல்லவேண்டியதில்லை.

ஃபிளாப்பிக்கு மட்டும் நான் காரணம் சொல்லவில்லை. கறுப்பு உறைக்குள் இருக்கும் தகடு கொஞ்சம் வெளியே தெரிகிற நீளத் துவாரத்தைக் காட்டி, "இந்த எடத்துல விரல் படக்கூடாது" என்றேன். ஏன் படக்கூடாது, விரலில் இருப்பது என்ன, அது தகட்டை என்ன செய்யும் என்று சொல்லவில்லை. இவர்களுக்கு இது போதும் என்று நினைத்தேன். இப்போது எழுதும்போதும் அந்த "இவர்களுக்கு" என்னைச் சுடுகிறது. நல்ல மாணவியான நீங்கள் அன்றுமுதல் ஃபிளாப்பியைப் பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல ஓரத்தில்தான் பிடித்தீர்கள். ஒன்று கெட்டால் இன்னொன்று வேண்டும் என்று சொல்லியிருந்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரதி எடுத்து வைத்தீர்கள்.

ஆயுத பூஜை வந்தது. டைப்ரைட்டர்களைத் துடைத்து, பொரிகடலை வாங்கி, கம்ப்யூட்டருக்கு மாலை போட்டு எல்லாம் நீங்கள்தான் செய்தீர்கள். நான் வழக்கம்போல வராந்தாவில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்தப் பக்கம் நம்பிக்கை இல்லை என்று எல்லோருக்கும் தெரியும்; யாரும் கூப்பிடமாட்டார்கள். நீங்கள் சந்தனக் கிண்ணத்தோடு கதவருகே வந்து நின்றீர்கள்.

"டீச்சர், ஃபிளாப்பிக்கும் ஒரு பொட்டு வைக்கலாமா? விரல் படாம வைக்கிறேன்."

கேட்டீர்கள், அக்கா. அந்த அறையில் யாரும் எதையும் கேட்காமல் செய்துகொண்டிருந்தபோது, நீங்கள் ஒருவர் வெளியே வந்து என்னைக் கேட்டீர்கள். நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"வைங்க. கம்ப்யூட்டருக்கே வச்சாச்சு, அது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

கிண்டலாகச் சொன்னேன். நீங்கள் அனுமதியாக எடுத்துக்கொண்டீர்கள். உறையில் வைத்தால் உறைக்குத்தானே பூஜை என்று எல்லாவற்றையும் காகித உறையிலிருந்து எடுத்தீர்கள். கறுப்பில் குங்குமம் எடுபடவில்லை. அந்தத் துவாரம்தான் நெற்றிபோலப் பழுப்பாக இருந்தது. தீக்குச்சியைச் சந்தனத்தில் தொட்டு, விரல் படாமல், அங்கே வைத்தீர்கள், மேலே குங்குமம். ஒன்றுக்கு வைத்து ஒன்றை விட மனமில்லாமல் பிரதிகளுக்கும் வைத்தீர்கள்.

விடுமுறை முடிந்து முதல் ஃபிளாப்பியைப் போட்டவள் நான். அம்மியில் காய்ந்த மிளகாய் அரைபடுவதுபோல ஒரு சத்தம். எடுத்துவிட்டுப் பிரதியைப் போட்டேன். அதே சத்தம். பாண்டிச்சேரியிலிருந்து வந்த மெக்கானிக் இயந்திரத்தைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "என்ன மேடம், கம்ப்யூட்டருக்குக் கல்யாணம் பண்ணி வச்சீங்களா?" என்றான். நீங்கள்தான் முதலில் சிரித்தீர்கள். பல மாத உழைப்பு போய்விட்டது என்று அவன் சொன்னதும் சேலைத் தலைப்பால் துவாரத்தைத் துடைக்கப் போனீர்கள். நான் உங்கள் கையைப் பிடித்துத் தடுத்தேன்.

அதிகாரி கூப்பிட்டு விசாரித்தபோது, "நான்தாங்க வச்சேன்" என்றீர்கள். என்னிடம் கேட்டதாகச் சொல்லவில்லை. நான் சொன்னேன்: "என்னைக் கேட்டாங்க சார். நான்தான் வைக்கச் சொன்னேன்."

அவர் சிரித்துவிட்டார். "பூஜைப் பக்கமே வராத ஆளு நீங்க. பயிற்சிக்குப் போய்ட்டு வந்த நீங்களா பொட்டு வைக்கச் சொல்லுவீங்க? இரக்கப்பட்டுப் பேசாதீங்க மேடம். மேலிடத்துக்கு நான் பதில் சொல்லணும்."

நான் மறுபடி சொல்லியிருக்கலாம். எழுதிக் கொடுத்திருக்கலாம். ஒருமுறை உண்மையைச் சொல்லியாயிற்று, நம்பாதது அவர் பாடு என்று ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அலுவலகம் முழுக்க என்னைப் பாராட்டியது. "கூட வேலை பாக்குறவங்களுக்காகப் பழியத் தலைல போட்டுக்கிட்டாங்க" என்று என் காதுபடவே பேசினார்கள். மறுத்தால் அடக்கம் என்றார்கள். சில நாள் கழித்து மறுப்பதை விட்டுவிட்டேன்.

உங்களுக்கு ஏனாம் வந்தது. கணவரை நெடுங்காட்டில் அவர் தம்பி வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினீர்கள். பஸ் ஸ்டாண்டில் நான் எதையோ சொல்ல ஆரம்பித்தபோது, "விடுங்க டீச்சர். நீங்க சொன்னீங்க, அவுங்க நம்பல. ரெண்டு வருசம்தானே, போய்ட்டு வந்துர்றேன்" என்றீர்கள். ஏனாமிலிருந்து வந்த கடிதத்தில், அங்கும் கம்ப்யூட்டர் வரப்போகிறது என்றும், தெலுங்குக்காரப் பெண்களுக்குக் கர்சர் ஏன் கண்ணடிக்கிறது என்று நீங்கள் இப்போதே சொல்லித் தயார்செய்வதாகவும் எழுதியிருந்தீர்கள். இரண்டாவது மழைக்காலத்தில் உங்களுக்கு மஞ்சள் காமாலை. காக்கிநாடா ஆஸ்பத்திரியிலிருந்து தந்தி அலுவலகத்துக்குத்தான் வந்தது. பிரித்துப் படித்தவள் நான்.

நெடுங்காட்டுக்குப் போனேன். உங்கள் கணவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பேச்சு குழறலாக இருந்தாலும் புரிந்தது. என் கையைத் தன் நல்ல கையால் பிடித்துக்கொண்டு, "அவளுக்காக அத்தன பேரு முன்னாடி பழிய ஏத்துக்கிட்டீங்களாமே" என்றார்.

"இல்லீங்க. அது பழி இல்ல, நெசம். அக்கா என்னைத்தான் கேட்டாங்க. நான்தான் நிமிர்ந்துகூடப் பாக்காம வைக்கச் சொன்னேன். என்னாலதான் அவுங்க அங்க போனாங்க."

முழுதாகச் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரு பக்கம் மட்டும் இழுத்துக்கொள்ளும் அந்தச் சிரிப்பைச் சிரித்தார்.

"சொன்னா. நீங்க ஒருநாள் வந்து இப்படித்தான் சொல்லுவீங்க, நம்பாதீங்கன்னு சொல்லிட்டுத்தான் போனா."

என்ன நினைத்து அப்படிச் சொன்னீர்கள் என்று எத்தனையோ விதமாக யோசித்துவிட்டேன். கட்டிலில் கிடப்பவர் யாரையும் வெறுத்துக்கொண்டு கிடக்கவேண்டாம் என்றா? உங்களுக்குப் பிறகு அவரைப் பார்க்க வருகிறவளுக்கு அந்த வாசல் அடைபடக்கூடாது என்றா? நடந்தது தெரிந்தவர்கள் இரண்டு பேர். நீங்கள் போய்விட்டீர்கள். நான் சொன்னால் நம்ப ஆள் இல்லாமல் செய்துவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

முடிந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நெடுங்காட்டுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். என்னைக் கண்டதும் அவர் தம்பி மனைவியைக் கூப்பிட்டு, நாற்காலியைத் துடைத்துப் போடச் சொல்கிறார். அந்த வீட்டில் இருப்பது ஒரே நாற்காலி. நான் அதில் உட்காருகிறேன்.