துண்டு கிடந்த இடம்

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். கார் சாவி ஆணியில் தொங்குகிறது. டாஷ்போர்டைத் தொடாதே, பெயிண்ட் இன்னும் காயவில்லை.

"நைட் ஷிஃப்டை விட்டுட்டு இந்த ஓட்டை வண்டிக்குப் பவுடர் பூசுறீங்களா?" என்று நேற்று கேட்டாய். வெயிலில் பிளாஸ்டிக்கெல்லாம் வெளுத்து, பழைய நிறம் எதுவென்றே மறந்துபோயிருந்தது. பாப்பா கைக்குழந்தையாக இருந்தபோது, உன் பக்கத்து டாஷ்போர்டில் எப்போதும் துண்டைக் காயப்போடுவாய். "இது காரா, கொடிக்கயிறா?" என்று நானும் கத்துவேன். அந்த இடம் மட்டும் வெளுக்காமல் கருநீலமாகவே இருந்தது. அதைப் பார்த்துத்தான் நிறம் கலந்தேன்.

இனி ராத்திரி வீட்டில் இருக்கிற மாதிரி பகல் வேலை கேட்கப் போகிறேன்.

பி.கு.: கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் சாயங்காலம் ஒரு சுற்று போய் வருவோம். அதற்குள் பெயிண்ட் காய்ந்துவிடும். துண்டை எடுத்துக்கொண்டு வா.