கடைத்தெருவில் வளவன் படம்

அன்புள்ள பிரகதா,

முழங்கால் வலி குறைந்ததா? பேரன் பின்னால் ஓடாதே. திருத்துறைப்பூண்டியில் நான் நலம். டுட்டோரியல் பிள்ளைகளும் சொன்னபடி கேட்கிறார்கள்.

இங்கே ஒரு சின்னக் குளறுபடி, கவலைப்படாதே. போனில் சொல்ல வரவில்லை. நம் டுட்டோரியலில் படித்து, டிரைவர் வேலைக்கென்று வெளிநாடு போன வளவனை அங்கே போர்முனைக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று மாதமாக அவனிடமிருந்து பேச்சில்லை. அவனை மீட்கச் சொல்லியும், எந்தப் போரும் வேண்டாமென்றும் ஞாயிறன்று ஊர்வலம் ஏற்பாடு செய்தோம். பேனர் கடையில் வாசகம் எழுதித் தராமல் படம் மட்டும் கொடுத்தவன் நான்தான். இந்த ஊரில் ஒற்றை ஆள் படம் என்றால் ஒன்று பிறந்தநாள், இல்லை சாவு. கடைக்காரர் பழக்கத்தில் மாலை போட்டு, ‘கண்ணீர் அஞ்சலி’ என்று அடித்துக் கடைத்தெருவில் கட்டியும்விட்டார். நடவுக்குப் போன அவன் அம்மா அம்சவல்லி அதைப் பார்த்துவிட்டார்.

உடனே கழற்றிவிட்டு அவர் வீட்டுக்கு ஓடினேன். கரும்பலகையில் தப்பாக எழுதியதை அழிப்பதில்லையா, அதுபோலத்தான் இதுவும் என்று உதாரணம் வேறு சொன்னேன்.

“ஊருக்கே சொல்லிட்டு எங்கிட்ட மட்டும் ஏன் சார் மறைச்சீங்க?”

“மறைக்கலம்மா. அது தப்பா அடிச்சதும்மா.”

“அப்ப எம்புள்ள உசுரோட இருக்கான்னு சொல்லுங்க.”

எனக்கு எப்படித் தெரியும், பிரகதா? வாயை மூடிக்கொண்டு நின்றேன். அவருக்கு அதுவே போதுமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை கருமாதி. “சார் கண்டிப்பா வரணும்” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

இட்லிப் பொடி தீர்ந்துவிட்டது. முடிந்தால் நீயே கொண்டுவந்து இரண்டு நாள் இரு. தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார். வெள்ளிக்கிழமை நான் போகட்டுமா, வேண்டாமா? அதை மட்டும் போனில் சொல்.

உன்
பஞ்சநதம்